கட்டிலுக்கு அடியில் இருபது கிலோ!

எங்கள் வீட்டில் பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் போய் இடிக்கிற பெட்டி ஒன்று உண்டு. உள்ளே இருப்பது நகையுமில்லை, பட்டுப்புடவையுமில்லை. கறுப்புத் தட்டுகள் எட்டு, குட்டை இரும்புக் கம்பிகள் இரண்டு, திருகுகிற நட்டுகள் நாலு. அவ்வளவுதான். ‘20 கிலோ ஹோம் ஜிம் செட்’ என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பக்கத்திலேயே கை கால் எல்லாம் முறுக்கேறிய ஓர் ஆணின் படம்.

வாங்கியவன் என் மகன். ஒரு மாசம் காலையும் மாலையும் கண்ணாடி முன்னால் நின்று டம்பெல்ஸ் தூக்கினான். பிறகு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை கிடைத்தது, நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கப் போய்விட்டான். பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. “பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடலாமா?” என்று நான் கேட்க, “அதுல இரும்பு எங்கே இருக்கு? பிளாஸ்டிக்கும் சிமெண்டும்தான். அவன்கூட வாங்க மாட்டான்” என்று சிரித்தார் என்னவர்.

அந்தப் பெட்டியை நானே ஒரு நாள் இழுத்து வெளியே வைப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அத்தை விழுந்த அன்று

எங்கள் ஆர்.கே.பேட்டையில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. என் மாமியாரும் தறி ஓட்டியவர்தான். ஆரம்பத்தில் கைத்தறி, பிறகு விசைத்தறி. சோளிங்கர் பெரிய மலையின் 1305 படிகளையும் வருஷா வருஷம் ஏறி நரசிம்மரைச் சேவித்து வந்த கால்கள் அவருடையவை. எழுபத்தொரு வயதில், குளியலறை வாசலில் ஈரத்தில் வழுக்கி உட்கார்ந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

“அத்தை, என் கழுத்தைப் பிடிச்சுக்குங்க” என்று குனிந்து தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர் எடை 48 கிலோதான். எனக்கு வயது நாற்பத்தாறு. எதிர்வீட்டுப் பையன் ஓடி வந்து தூக்கும் வரை, இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். வலியில் அவர் அழுதார். என் கையாலாகாத்தனத்தை நினைத்து நானும் அழுதேன்.

ஆபரேஷன் முடிந்த பிறகு நடை பழக்க ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபி பெண் வருவாள். என் மகள் வயதுதான் இருக்கும். அத்தையைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவதைப் பார்த்துவிட்டாள்.

“அம்மா, முதல்ல நீங்க எதையாவது தூக்கிப் பழகுங்க. முப்பது வயசுக்கு மேல சதையோட பலம் கொஞ்சம் கொஞ்சமா குறையும். மாதவிலக்கு நிக்கிற சமயத்துல எலும்பும் வேகமா தேய ஆரம்பிக்கும். பாட்டிக்கு வந்தது உங்களுக்கும் வரணுமா?”

“தினமும் தண்ணிக் குடம் தூக்கறேனேம்மா. அது போதாதா?”

“அது ஒரே எடை, ஒரே இடுப்பு. இருபது வருஷமா அதே குடம்தானே? உடம்பு அதுக்குப் பழகிப் போயிடுச்சு. எடை கொஞ்சம் கொஞ்சமா ஏறினாத்தான் உடம்புக்கு வேலை.”

யோசித்துப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் என்றால் 15 கிலோவை நெருங்கும். சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ வரும். இதையெல்லாம் நாம் உருட்டியும் இழுத்தும் இடுப்பில் சாய்த்தும் எப்படியோ சமாளிக்கிறோம். தோளுக்கு மேலே ஏதாவது தூக்கச் சொன்னால் மூன்று கிலோவுக்கே கை நடுங்குகிறது. அன்று இரவே பெட்டியை இழுத்தேன்.

20 கிலோ என்றால் எவ்வளவு?

முதல் குழப்பம் இங்கேதான். 20 கிலோ என்று போட்டிருக்கிறதே, ஒரு கைக்கு இருபதா என்று பயந்துபோனேன். அப்படியில்லை. எல்லாத் தட்டையும் சேர்த்துத்தான் 20. என்னிடம் இருந்தவை 2 கிலோ தட்டு நாலு, 3 கிலோ தட்டு நாலு. இரண்டு கம்பிக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு கைக்குப் பத்து. நட்டுகளோடு கம்பி ஒன்றரை கிலோ. ஆக, ஒரு கைக்கு அதிகபட்சம் 11½ கிலோ.

‘அதிகபட்சம் நமக்கு எதற்கு, குறைந்ததிலிருந்து ஆரம்பிப்போம்’ என்று வெறும் கம்பியோடு தொடங்கினேன். ஒரு வாரத்தில் அது பூப்போல ஆகிவிட்டது. சரி என்று இருப்பதில் சின்னத் தட்டாக, இரண்டு பக்கமும் 2 கிலோவை மாட்டினேன். தோளுக்கு மேலே தூக்கினேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் வலது கை மேலே எழும்பவே இல்லை. பதினைந்து நாள் என் மகளே தலை பின்னிக்கொண்டு காலேஜுக்குப் போனாள். “அம்மா பயில்வான்” என்று கேலி வேறு!

அத்தைக்கு நடை பழக்க வீட்டுக்கு வந்த அதே பெண்ணிடம் தோளைக் காட்டினேன். அவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“வெறும் கம்பி ஒன்றரை கிலோ. அடுத்து நீங்க தூக்கினது எவ்வளவு?”

கணக்குப் போட்டேன். ஒன்றரையும் நாலும் ஐந்தரை. ஒரே தாவலில் மூன்றரை மடங்குக்கு மேல்!

“பாத்தீங்களா? எல்லாரும் மேல எவ்வளவு வரைக்கும் போகும்னு கேட்டு வாங்கறாங்க. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு யாரும் கேக்கறதில்லை. உங்களுக்கு வேண்டியது அதுதான்.”

படுக்கையில் இருந்த அத்தை இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். “அதான் நம்ம தறியிலேயே இருக்கே” என்றார் மெதுவாக. தறியில் பாவு சுற்றிய உருளை தானாக உருண்டு தளர்ந்துவிடாமல் இருக்க, பின்னால் எடைகள் தொங்கவிடுவார்கள். எடை குறைந்தால் துணி தளர்ந்து ‘தொளதொள’ என்று வரும். ஏற்றிவிட்டாலோ இழை பட்பட்டென்று அறும். “ஒரேடியா கனத்தை மாட்டுவாங்களா? சின்ன எடையாப் போட்டுப் போட்டுப் பார்ப்போம். நூலுக்கு இருக்கற பக்குவம் தோளுக்கு வேண்டாமா?” என்றார். படித்த பெண்ணும் படிக்காத அத்தையும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். இரண்டையும் கேட்க எனக்குத் தோள் பிசக வேண்டியிருந்தது!

அரை கிலோவின் அருமை

என்னவர் சென்னைக்குப் போனபோது சொல்லிவிட்டேன். அரை கிலோ தட்டு நாலு, ஒரு கிலோ தட்டு நாலு வாங்கி வந்தார். கம்பியையும் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். தட்டின் ஓட்டை கம்பியின் பருமனுக்குச் சரியாக இருக்க வேண்டும் அல்லவா? பெரிதாக இருந்தால் ஆடும், சிறிதாக இருந்தால் நுழையாது. இதைக் கவனிக்காமல் வாங்கினால் பணம் வீண்.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். ஒன்றரை கிலோ கம்பியின் இரண்டு பக்கமும்:

அரை கிலோ போட்டால் 2½.
ஒரு கிலோ போட்டால் 3½.
ஒன்றும் அரையும் போட்டால் 4½.
இரண்டு கிலோ போட்டால் 5½.
இரண்டும் அரையும் போட்டால் 6½.
மூன்று கிலோ போட்டால் 7½.
மூன்றும் அரையும் போட்டால் 8½.
மூன்றும் ஒன்றும் போட்டால் 9½.

நடுவே பள்ளமே இல்லாமல், ஒவ்வொரு கிலோவாக ஏணி மாதிரி ஏறுகிறது. முன்னே ஒன்றரைக்கு அடுத்து ஐந்தரை, ஏழரை, பதினொன்றரை என்று நாலே படிகள்தான் இருந்தன.

‘இந்த அரை கிலோ, ஒரு கிலோ எல்லாம் நம்மைப் போன்றவர்களுக்குத்தான், வீராங்கனைகளுக்கு எதற்கு?’ என்று நினைக்காதீர்கள். பளு தூக்கும் சர்வதேசப் போட்டிகளிலும் அரை கிலோ தட்டு உண்டு. முன்பெல்லாம் எடையை 2½ கிலோ வீதம்தான் கூட்டலாம் என்று விதி இருந்தது. 2005-ல் அதை மாற்றி, ஒரு கிலோ கூட்டினாலும் போதும் என்று வைத்தார்கள்.

பக்கத்து ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரியை யாரும் மறந்திருக்க முடியாது. 2000-ஆம் வருஷம் சிட்னியில் 110-ம் 130-ம் ஆக மொத்தம் 240 கிலோ தூக்கி, ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் ஆனார். தங்கம் வாங்கியவரும் வெள்ளி வாங்கியவரும் தூக்கியது 242½ கிலோ. அதாவது வெண்கலத்துக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் வெறும் இரண்டரை கிலோ! 130-ஐத் தூக்கிய பிறகு கடைசி வாய்ப்பில் அவர் முயன்றது 137½ கிலோ, அது கைகூடவில்லை. அவ்வளவு பலசாலிக்கே ஏழரை கிலோ தாவல் பெரிய தாவல் என்றால், நமக்கு நாலு கிலோ தாவல் சும்மாவா?

மேல் வரம்பு எங்கே இருக்கிறது?

அடுத்த பாடம் பயத்தோடு வந்தது. கம்பி தடிமனாகத்தானே இருக்கிறது, எத்தனை தட்டு வேண்டுமானாலும் தாங்கும் என்று நினைத்திருந்தேன். தாங்கும்தான். ஆனால் வரம்பு கம்பியின் பலத்தில் இல்லை. அதன் நீளத்தில் இருக்கிறது. என் கம்பி 14 அங்குலம். நடுவில் கைப்பிடி போக, இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம்தான் மிச்சம். சிமெண்ட் அடைத்த பிளாஸ்டிக் தட்டுகள் இரும்புத் தட்டைவிடத் தடிமனானவை. எடை குறைந்தாலும் தடிமன் அவ்வளவாகக் குறைவதில்லை.

ஒரு நாள் 8½ கிலோ வேண்டியிருந்தது. ஏற்கெனவே மாட்டியிருந்த இரண்டையும் ஒன்றையும் கழற்றச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே அரை கிலோவையும் சொருகினேன். ஒரு பக்கத்துக்கு மூன்று தட்டு. நட்டு கம்பியின் நுனியில் ஒரே ஒரு மரையில்தான் பிடித்தது. ‘போதும்’ என்று தூக்கினேன். நாலாவது தடவை ‘டக்’ என்றது. நட்டு கழன்று, தட்டுகள் சரிந்து தரையில் விழுந்தன. பக்கத்து வீட்டு மூன்று வயதுக் குழந்தை என்னை வேடிக்கை பார்த்தபடி ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு தட்டு அதன் கால் அருகே உருண்டு போய் நின்றது. என் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. இன்று நினைத்தாலும் வேர்க்கிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கட்டளை. நட்டை இறுக்கிய பிறகு, அதற்கு வெளியே கம்பியின் மரை ஒரு விரற்கடையாவது நீட்டிக்கொண்டு தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அந்தக் கம்பிக்கு அதுதான் வரம்பு. ஒரு தட்டைக் குறைத்தே ஆக வேண்டும். தூக்கும்போது கதவைத் தாழிட்டுவிடுவேன்.

இன்னொன்று. தட்டில் போட்டிருக்கிற எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். எங்கள் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 3 கிலோ என்று போட்ட ஒரு தட்டு 2 கிலோ 800 கிராம்; இன்னொன்று 3 கிலோ 100. ஒரே கம்பியில் இந்தப் பக்கம் அதுவும் அந்தப் பக்கம் இதுவும் போட்டால் மணிக்கட்டு கோணும். எடை போட்டு, சமமானவற்றை ஜோடி சேர்த்து, சுண்ணாம்பால் அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது திருகினாலே எடை மாறுகிற டம்பெல்ஸ் வந்திருக்கிறது. தட்டுகள் ஒரு தொட்டிலில் உட்கார்ந்திருக்கும். எண்ணைத் திருப்பி வைத்துத் தூக்கினால் அந்த எடைக்கான தட்டுகள் மட்டும் கூட வரும். சுமார் 2 கிலோவில் தொடங்கி 24 கிலோ வரை ஒரே சாமானில் அடங்கிவிடும். இடம் மிச்சம், சௌகரியம். ஆனால் விலை அதிகம். உள்ளே நுணுக்கமான பூட்டுகள் இருப்பதால் கீழே போடவும் கூடாது. அமெரிக்காவில் போஃப்ளெக்ஸ் என்ற பேர்பெற்ற தயாரிப்பின் இரண்டு ரகங்களில், தூக்கும்போதே தட்டுகள் கழன்று விழுவதாகப் புகார் வந்தது. நூறு பேருக்கு மேல் காயம். 2025 ஜூனில் சுமார் 38 லட்சம் டம்பெல்ஸைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஆகவே எந்த ரகமானாலும், தூக்குமுன் தரையை ஒட்டியே ஒரு முறை லேசாக ஆட்டிப் பாருங்கள். ‘கடகட’வென்றால் வைத்துவிடுங்கள்.

நமக்கு எவ்வளவு போதும்?

“அக்கா, நான் எத்தனை கிலோ தூக்கணும்?” என்று இப்போது தெருவில் இளம் பெண்கள் என்னைக் கேட்கிறார்கள். ஒருவர் அளவு இன்னொருவருக்கு ஆகாது. ஆனால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

ஓர் எடையை 10 அல்லது 12 தடவை தூக்குங்கள். கடைசி இரண்டு தடவை கஷ்டப்பட வேண்டும். ஆனால் முதுகு வளையக் கூடாது, கை உதறக் கூடாது. அதுதான் உங்கள் எடை. 15 தடவை தூக்கியும் பேசிக்கொண்டே செய்ய முடிகிறதென்றால் ஒரு கிலோ கூட்டலாம். எட்டு தடவைக்கே மூச்சு முட்டினால் ஒரு படி இறங்குங்கள். இறங்குவதில் வெட்கமே இல்லை.

உடம்பில் எல்லா இடத்துக்கும் ஒரே எடையும் சரிப்படாது. எட்டு மாசத்துக்குப் பிறகு இன்று என் கணக்கு இது. தோளுக்கு மேலே தூக்க 3½ கிலோ. முழங்கை மடக்கித் தூக்க 4½. நாற்காலியில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து, இன்னொரு கையால் இடுப்புவரை இழுக்க 6½. ஒரே டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ (நம் பஸ்கிதான்!) 9½. ‘பெண்களுக்கு’ என்று ரோஜா நிறத்தில் விற்கிற ஒரு கிலோ ஜோடி ஒன்றை மட்டும் வாங்கிவிட்டால், தோளுக்கு அது கொஞ்ச நாள் காணும்; காலுக்கு ஒன்றுமே ஆகாது.

தினமும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அறிவுரையில் இருக்கிறது. நான் செவ்வாய், வெள்ளி என்று வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் போதும்.

கனம் ஏறினால் பலன் உண்டா? ஆஸ்திரேலியாவில் மாதவிலக்கு நின்று எலும்பு அடர்த்தி குறைந்திருந்த 101 பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். முடிவு 2018-ல் வெளியாயிற்று. ஒரு சாரார் பயிற்சியாளரின் மேற்பார்வையில் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாசம் நன்றாகக் கனமான எடை தூக்கினார்கள். மற்றவர்கள் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. மேற்பார்வையில் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். எலும்பு தேய்ந்தவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே கனத்தைத் தூக்கிவிடக் கூடாது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவமாகி ஆறு வாரமாவது ஆகி, டாக்டர் பார்த்துச் சம்மதித்த பிறகே எடையைத் தொடுங்கள். சிசேரியன் என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். கைக்குழந்தையே மூன்று நாலு கிலோ இருக்கிறது, ஆரம்பத்துக்கு அந்தக் கனமே போதும்! குடலிறக்கம், கர்ப்பப்பை இறக்கம், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். யாரானாலும் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள்.

வாங்குமுன் கேளுங்கள்

* எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ என்பதோடு, ஒரு கைக்கு எத்தனை கிலோ?
* தட்டில்லாமல் கம்பியும் நட்டும் மட்டும் எவ்வளவு எடை?
* மிகச் சின்னத் தட்டு எது? அரை கிலோ, ஒரு கிலோ தனியாகக் கிடைக்குமா?
* எல்லாத் தட்டும் போட்ட பிறகு நட்டுக்கு வெளியே மரை தெரிகிறதா?
* தட்டின் ஓட்டையும் கம்பியும் பொருந்துகின்றனவா?

வாங்கப் பணமில்லையா? கவலை வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ. கால் லிட்டர் குறைத்தால் முக்கால் கிலோ. இதைவிட நுணுக்கமாக எடை மாற்றும் டம்பெல்ஸ் எந்தக் கடையிலும் இல்லை!

அத்தை இப்போது கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறார். கட்டிலிலிருந்து எழ இன்னும் கை கொடுக்க வேண்டும். அவர் கைகளை என் தோளில் போட்டு, நான் முழங்காலை மடக்கி நிமிர்ந்தால், எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியதில்லை. சோளிங்கர் மலைக்கு 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது. “படி ஏற முடியாட்டா என்ன, தொங்கிக்கிட்டே போய்ச் சேவிச்சுட்டு வரலாம்” என்கிறார். வண்டியில் ஏற்றி இறக்க நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் நான் தூக்கும்போது எண்ணிக்கை வைப்பது அவர்தான். “எட்டு... ஒம்பது... பத்து. போதும்மா, இறக்கு. அடுத்த வாரம் அரைக் கல்லு ஏத்திக்கலாம்.”